கண்மூடி வாசித்த பக்கம்

ஓனோரின் டெம்குவா ஷாங் மலைச்சரிவில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, எட்டு நாளுக்கொருமுறை கூடும் சந்தையில் கோக்கி விற்று வாழ்ந்தவர். பயற்றை அரைத்துச் செம்பனை எண்ணெய் சேர்த்து வாழையிலையில் கட்டி அவிக்கும் அவருடைய கோக்கி, வெயில் ஏறுமுன் தீர்ந்துவிடும். பிள்ளைகள் நால்வர், மூவர் தங்கினர். நாற்பத்து மூன்றாம் வயதில், தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த தகரக் கூடத்தில், தாய்மொழியான யெம்பாவை எழுதப் படிக்கக் கற்றார். அதற்கு முன்பு அவர் அறிந்த எழுத்து பிரெஞ்சு மட்டுமே. அதுவும் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது.

1997 நவம்பரில் அந்தக் கூடத்துக்கு ஒரு சோதனை வந்து சேர்ந்தது. யெம்பாவில் குரல் ஏறினால் ஒரு சொல், இறங்கினால் வேறொரு சொல். அந்த ஏற்ற இறக்கத்தை ஏட்டில் எப்படிக் காட்டுவது என்பதில் மொழி அலுவலகத்தாருக்குள் மூன்று கட்சிகள். ஒவ்வோர் அசையின் தலையிலும் சாய்கோடு இடவேண்டும் என்றது ஒன்று. கோடே வேண்டாம், மொழி தெரிந்தவருக்கு எதற்குக் கோடு என்றது மற்றொன்று. தடுமாறும் இடங்களில் மட்டும் இட்டால் போதும் என்றது மூன்றாவது. படிப்பவர்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்று அசாங்கே என்ற அலுவலரை அனுப்பிவைத்தார்கள். பன்னிரண்டு பேர், ஆளுக்கு மூன்று பக்கங்கள், ஒவ்வொன்றும் ஒரு விதம். நேரமும் பிழையும் குறிக்கப்படும். எந்த விதம் வெல்கிறதோ, அந்த விதத்தில்தான் இனி வரும் பாடநூல்கள்.

ஓனோரினுக்கு அதில் சொந்தக் காரியமும் ஒன்று இருந்தது. மேல்மேட்டில் தொடங்கவிருந்த பெண்கள் வகுப்புக்கு, சோதனையில் முதலாவதாக வருபவரையே ஆசிரியையாக அமர்த்துவதாகப் பங்குத்தந்தை சொல்லியிருந்தார். அந்த இடத்தின்மீது அவருக்கு ஆசை. மாவு படிந்த வாழையிலையில்கூட விரலால் எழுத்துகளை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனையன்று வாசலில் வரிசையாக நின்றார்கள். பனி இன்னும் விலகவில்லை.

"நீ டீச்சராயிட்டா கோக்கிய யாருடி அவிக்கிறது? எங்களப் பட்டினி போட்டுடாதே," என்றார் வகுப்புத் தோழி பிலோமென்.

"நீ தின்னுற தீனிக்கு ரெண்டு டீச்சர் சேர்ந்து அவிச்சாலும் பத்தாது."

தனித்தனியாகத்தான் உள்ளே அழைத்தார்கள். மேசைமேல் ஒரு டேப் ரெக்கார்டர். அசாங்கேயின் கையில் நிறுத்துக் கடிகாரம். கோடுகள் நிறைந்த முதல் பக்கத்தில் ஓனோரின் வழுக்குப் பாறையில் இறங்குபவரைப்போல் அடி அடியாக இறங்கினார். கோடு குறைந்த இரண்டாவது பக்கம் கொஞ்சம் எளிதாக இருந்தது. மூன்றாவது பக்கத்தில் கோடே இல்லை.

முதல் வரியின் பாதிக்கு வந்திருப்பார். "மழையை மலைக்குப் பின்னால் நிறுத்தியவன் மகனே..." என்று இருந்தது. முன்னோரைப் புகழ்ந்து அழைக்கும், அவருடைய குடும்பத்துப் புகழ்ப்பெயர் வரிசை அது. துக்கவீட்டு முற்றங்களில் அவருடைய தந்தை சொல்லிவந்தது. தந்தை இறந்து ஒன்பது ஆண்டுகள். பனி சன்னல் வழியே உள்ளே வந்து மேசைமேல் படிந்தது. அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. எழுத்துகள் அதில் மெல்லக் கரைந்தன. அவற்றின் இடத்தில் ஈரமண்ணில் பாதங்கள் அசைந்தன, தோல் முரசு தொலைவில் ஒலித்தது, தந்தையின் குரல் ஏறவேண்டிய இடத்தில் ஏறி, இறங்கவேண்டிய இடத்தில் இறங்கி, அவருடைய தொண்டை வழியே நடந்து போயிற்று. தொடங்கிய புகழ்ப்பெயரை அந்தக் குடும்பத்து இரத்தம் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். நிறுத்தினால் இறந்தவர் பாதி வழியில் நின்றுவிடுவார். ஓனோரின் நிறுத்தவில்லை. கண் திறந்தபோது பக்கம் முடிந்திருந்தது.

"ஒரு பிழைகூட இல்லக்கா," என்றார் அசாங்கே. "இவ்வளவு வேகமா யாருமே படிக்கல. கோடே வேணாம்னு சொன்னவங்க ஜெயிச்சிடுவாங்க போலிருக்கு."

வெளியே வந்து யூக்கலிப்டஸ் மரத்தடியில் அமர்ந்தார். பிலோமென் உள்ளே போய்த் திரும்பும்வரை அங்கேயே இருந்தார். பிறகு எழுந்து, அழைக்காமலே உள்ளே சென்றார்.

"தம்பி, அந்த மூணாவது பக்கத்த நான் படிக்கல."

"படிச்சீங்களே. டேப்புல இருக்கே."

"டேப்புல இருக்கிறது எங்கப்பா. நான் கண்ண மூடிக்கிட்டிருந்தேன். நீ கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்தே."

அசாங்கே தொலைவிலுள்ள துவாலா நகரில் வளர்ந்தவர், இந்த வழக்கம் அறியாதவர். சோதனைப் பக்கத்துக்காக அந்த வரிகளைச் சொல்லித் தந்த உள்ளூர் முதியவரிடம், அவை யாருடைய வரிகள் என்று அவர் கேட்டிருக்கவில்லை. பேனாவை மூடிவைத்தார்.

"வேற பக்கம் குடுத்தா உங்க முதலிடம் போயிடலாம்க்கா. அந்த ஆசிரியை வேலையும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்றீங்க?"

"கோடில்லாம படிக்க, மேல்மேட்டுப் பொண்ணுங்களுக்கு எங்கப்பா கிடையாதே."

விசாரித்தபோது, பன்னிரண்டு பேரில் மேலும் அறுவர் அந்த வரிகளைத் துக்கவீடுகளில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக்கியிருந்தது தெரியவந்தது. அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டார்கள். அடுத்த சந்தைநாளுக்கு மறுநாள், தொலைவான ஒரு பள்ளத்தாக்கிலிருந்து யாரோ ஒரு பெண் தன் தேன்கூடுகளைப்பற்றி யெம்பாவில் எழுதிய கடிதம் வந்தது. அதை மூன்றாகப் பிரித்து, மூன்று விதத்திலும் வாசிக்கச் சொன்னார்கள்.

கோடில்லாத பகுதியில் ஓனோரின் பதினோரு இடங்களில் இடறினார். கோடு குறைந்த பகுதியில் நான்கு. கோடு நிறைந்த கடைசிப் பகுதியில் இரண்டே. ஆனால் அடுப்பில் வைத்த பானை கொதித்துவிடும் அளவுக்கு நேரம் எடுத்தார். மொத்தத்தில் நான்காம் இடம். வகுப்பு பிலோமெனுக்குப் போயிற்று.

"திட்டணும்னா இப்பவே திட்டிடுடி," என்றார் பிலோமென். "நாளைக்கு வகுப்புல வச்சுத் திட்டினா மரியாதை போயிடும்."

"முதல்ல மரியாதை வரட்டும். அப்புறம் போறதப் பத்திப் பேசலாம்."

எல்லோரும் கலைந்த பின்னும் ஓனோரின் அந்தக் கடிதத்தைக் கீழே வைக்கவில்லை. கோடுகளின்மேல் விரல் மெல்ல ஏறி இறங்கியது. உதடுகள் அசைந்தன.

"இந்த அம்மா உசுரோட இருக்காங்களா, தம்பி?"

"இருக்காங்க. ஏன்க்கா?"

"இதுக்கு முன்னாடி கேக்காத குரல். யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. இந்தக் கோட்டுலேருந்துதான் வந்துச்சு." கடிதத்தை நான்காக மடித்தார். "எந்த வண்டியில ஏறினா அவங்க ஊருக்குப் போகலாம்?"