அவித்த விதைநெல்

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரான வலங்கைமானில், உயிரித் தகவலியல் படிக்கிறேன் என்று சொன்னால், "அதப் படிச்சா ஊசி போடுவீங்களா?" என்று கேட்பார்கள். எனக்கு வரும் கோபத்துக்கு ஊசியே போடலாம்! வெளிமாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்று என்னை எடுத்துக்கொண்டது, கடலோரத்தில் உப்புத் தண்ணீரிலும் விளையும் ஒரு நெல்லை நான் கண்டுபிடித்து வைத்திருந்ததால்தான். அதை முளைக்கவைத்து, இலையிலிருந்து மரபணுக்களை எடுத்து, கணினியில் மற்ற நெல் ரகங்களோடு ஒப்பிட வேண்டும். விதையோடு வந்தால்தான் இடம் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவர் கேட்டது வயலுக்கு ஒரு கைப்பிடி. அந்த நெல்லைப் பயிரிட்டு வந்த விவசாயிக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "வாசல் தேடி வந்து கேக்குற புள்ளைக்குக் கைப்பிடியா குடுத்தனுப்புவாங்க?" என்று தன் ஆறு வயலுக்கும் ஆறு பை, முட்ட முட்ட நிரப்பிக் கொடுத்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி வந்தேன். ஒவ்வொரு பையிலும் எண் எழுதிய சீட்டைப் போட்டு வைத்துவிட்டு, சான்றிதழ் வாங்கச் சென்னைக்குக் கிளம்பினேன். "இது நான் அங்க கொண்டுபோக வேண்டிய நெல்லும்மா, பாத்துக்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

ஐந்து நாள் கழித்துத் திரும்பினால் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அங்க ரொட்டிதான் போடுவாங்களாமே. நெல்லாத் தூக்கிட்டுப் போயி நீ என்ன பண்ணுவ? நானே அவிச்சு, காயவச்சு, மில்லுல குடுத்து அரைச்சுட்டேன். சீட்டெல்லாம் பத்திரமா இருக்கு."

ஆறு சீட்டையும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள்.

அவித்த நெல் எங்கே முளைக்கும்? அடிப்பாவி என்று வாய்வரை வந்துவிட்டது. ஆவி பட்டு அவள் மணிக்கட்டு சிவந்து கிடந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கேட்ட கைப்பிடியை அன்றைக்கே தபாலில் அனுப்பியிருக்கலாம். என் புத்தி எங்கே போயிற்று?

மறுநாள் முதல் பஸ்ஸில் விவசாயியைத் தேடி ஓடினேன். "நெலத்த இறால் பண்ணைக்குக் குடுத்தாச்சும்மா. இருந்த நெல்லும் வித்துப் போச்சு. உங்ககிட்டதான் அவ்ளோ இருக்கே?" என்றார். வயலில் பொக்லைன் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ரொம்பப் பரிதாபப்பட்டார், இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, "இந்த வருஷம் ஆள் எடுக்கலையாம்மா" என்று மட்டும் சொன்னேன். அம்மா என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"போனாப் போறானுங்க. அடுத்த வருஷம் கூப்புட மாட்டானுங்களா? அரிசிய நான் எடுத்து வைக்கிறேன். பழசாயிட்டா சோறு இன்னும் நல்லா இருக்கும்."

"சரிம்மா" என்றேன்.