நகராத முனை

போன ஞாயிற்றுக்கிழமை செஞ்சியில் டவுன் பஸ் பிடித்து, சிங்கவரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை... உள்ளேயிருந்து ஒரு புத்தகம் பறந்து வந்து காலடியில் விழுந்தது. நல்ல வரவேற்பு!

எறிந்தவள் தம்பி மகள் பவித்ரா. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ஓசூரில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருக்கிறது — அரியர் எதுவும் இருக்கக் கூடாது என்ற கண்டிஷனோடு. இவளுக்கு இருப்பது ஒரே ஒரு அரியர். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். அதற்கான பரீட்சை அடுத்த வாரம்.

“தப்புத் தப்பாவே வருது அத்தை. எத்தினி வாட்டி போட்டாலும் விடை ஜீரோ! ஜீரோ வர்ற மாதிரி எவனாவது கணக்கு குடுப்பானா?”

எனக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கே ஒழுங்காகப் புரிந்ததில்லை. ஆனால் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்கு வாய் சும்மா இருக்குமா? “இன்னா கணக்கு, எனக்கும்தான் சொல்லேன்” என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஒரு இரும்புக் கம்பி அத்தை. ஒரு பக்கம் செவுத்துல பதிச்சிருக்குது. இந்தப் பக்கம் முனை சும்மா நீட்டிக்கினு இருக்குது. நடுவுல ஒரு விசை வெளிய இழுக்குது. முனையில இன்னொரு விசை உள்ள தள்ளுது. முனை எவ்ளோ நகருதுன்னு சொல்லணும்.”

“இரும்பு எங்கடி நகரும்?”

“நகரும். இழுத்தா நீளும், அழுத்தினா சுருங்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான்.”

அதைக் கண்டுபிடிக்க வழியும் இருக்கிறதாம். கம்பியைத் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும், உள்ளே ஓடும் விசையை நீளத்தால் பெருக்கி, குறுக்குப் பரப்பாலும் அந்த உலோகத்தின் விறைப்பாலும் வகுக்க வேண்டும். நீளமான கம்பி கூடுதலாக நீளும். தடித்த கம்பி அவ்வளவு சீக்கிரம் நீளாது. கடைசியில் எல்லாத் துண்டையும் கூட்டினால் விடை.

“கேட்டா எனக்கே டென்ஷன் ஆவுதுடி” என்றேன்.

“டென்ஷன்னா பிளஸ், அத்தை. கம்ப்ரஷன்தான் மைனஸ்.”

பாருங்களேன்... பஸ் வரவில்லை என்றால் டென்ஷன், கரண்ட் போனால் டென்ஷன் என்று நாம் அந்த வார்த்தையைப் போட்டுத் தேய்க்கிறோம். இவள் புத்தகத்தில் அது வெறும் இழுப்பு!

இவ்வளவு நேரமும் பவித்ராவின் அம்மா செல்வி, விதைக்கு மல்லாட்டை — வேர்க்கடலைதான் — உடைத்தபடி அதே கூடத்தில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பவித்ராவுக்கு உண்மையான கோபமே அதில்தான். ஓசூர் என்றாலே தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அப்பாவிடம் அம்மா பேச வேண்டும் என்று மகள் கெஞ்சுகிறாள். செல்வியோ எப்போது கேட்டாலும் “பாக்கலாம்” என்பாள். அதைத் தாண்டி ஒன்றும் வராது.

“சரி, விடை ஜீரோன்னா கம்பிக்கு ஒண்ணுமே ஆவலன்னு அர்த்தமா?” என்று சும்மாதான் கேட்டேன்.

“அதெப்படி? செவுத்துப் பக்கத் துண்டு இழுபட்டு நீளுது. முனைப் பக்கத் துண்டு நசுங்கி சுருங்குது. ரெண்டும் ஒரே அளவு. கூட்டினா...” சட்டென்று நிறுத்தினாள். “ஐயையோ! ஜீரோ சரிதான் அத்தை! உள்ள முழுக்க வேதனை. முனை மட்டும் இருந்த எடத்துலயே நிக்கும்.”

கணக்கு வந்த குஷியில் அம்மா பக்கம் திரும்பி, பேச்சிலேயே ஒரு குத்து விட்டாள். “எங்கம்மா மாதிரியே. இன்னா நடந்தாலும் நகரவே நகராது.”

செல்வியின் கை நின்றது.

“யாருடி நகரல? அனந்தபுரத்துலேர்ந்து மாப்ள வூட்டுக்காரங்கள வரச் சொல்லிட்டாரு உங்க நைனா. தெரியுமா உனக்கு? பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம், கல்யாணத்த முடிச்சிடலாம்னாரு. அவங்கள வர விடாம நிறுத்தினது யாரு? தெனம் அவரோட மல்லுக்கட்டித்தாண்டி நீ இங்க ஒக்காந்து புஸ்தகத்தத் தூக்கி அடிக்கிற.”

கூடப் பிறந்த எனக்கே இது தெரியாது. தம்பி மேல் வந்த கோபத்தைவிட, செல்வியை நானும் இத்தனை நாள் ஊமை என்றே நினைத்திருந்தேனே என்ற வெட்கம்தான் பெரிதாக இருந்தது. ஒருவர் இருந்த இடத்திலேயே நின்றால், அவர் ஒன்றும் செய்யவில்லை என்று எவ்வளவு சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம்! அந்த இடத்தில் நிற்பதற்கே எவ்வளவு பலம் வேண்டும் என்று யார் யோசிக்கிறோம்?

பவித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏம்மா சொல்லல?”

“சொன்னா நீ படிப்பியா? அழுதுகினு கெடப்ப.” செல்வி முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். “நீ மொதல்ல பாஸ் பண்ணு. அப்புறம் நான் எவ்ளோ நகருறேன்னு உங்க நைனா பாக்கட்டும்.”

என் தம்பி இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிப்பான். படிக்கட்டும்!