ரோஸ்லினின் இரண்டாவது நாவல்

1. சோறு கருகிய ஞாயிற்றுக்கிழமை

என் கணவர் என்னுடைய நாவல் எதையும் முழுதாகப் படித்ததில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். "நல்லாத்தான் எழுதியிருக்க" என்பார். மூன்றாவது அத்தியாயத்தில் கண்ணாடியைக் கழற்றி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார். கதை படிக்கிற ஆள் இல்லை, அது அவர் சுபாவம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சோற்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போயிருந்தேன். திரும்பி வரும்போது வாசலிலேயே கருகல் வாடை அடித்தது. அவர் எங்கும் போகவில்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் என் தோழி ரோஸ்லினின் முதல் நாவல்.

"என்னங்க, சோறு கருகுது. வாடகூடவா தெரியல?"

"அடுப்ப அணைச்சிடு. இந்தா, இந்த அத்தியாயம் முடியப்போகுது."

தலையை நிமிர்த்தவே இல்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்குள் படித்து முடித்தார். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, எதிரே தெரியும் மலையைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தப் புள்ள எப்படித்தான் எழுதுச்சோ!"

ஆறு நாவல் எழுதிய என்னிடம் சொன்னார்.

புதிதாக எழுத வரும் பிள்ளைகள் என்னிடம் எந்தப் பேனா, எந்த நேரம், எத்தனை பக்கம் என்றெல்லாம் கேட்கிறார்கள். பொறாமை வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்டதில்லை. வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2. நானும் அவளும் வேலை செய்யும் விதம்

நான் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவள். இப்போது ஹட்டனில் இருக்கிறேன். ரோஸ்லின் பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பானவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஹட்டனில் யாரோ ஒருவருடைய புத்தக வெளியீட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமானோம். அன்றைக்கு நான் மூன்று நாவல் எழுதியிருந்தேன். அவள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எங்களுக்குப் பதிப்பாளர் கிடையாது. நாங்களே எழுதி, டைப்செட்டிங் கொடுத்து, ப்ரூஃப் பார்த்து, அச்சகத்திலிருந்து கட்டுக்கட்டாக பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பிறகு கோயில் திருவிழா, பள்ளிக்கூட விழா என்று தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஆகவே ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்திக் கொடுப்பது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டோம்.

என் பழக்கம் மாறாதது. விடியும்முன் எழுந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்வேன். எழுதுவதற்குமுன் வேறு யாருடைய உரைநடையாவது சில பக்கம் வாய்விட்டுப் படிப்பேன். காதில் ஒரு நடை விழுந்தால்தான் கை ஓடும். கையால் எழுதி, மறுநாள் பாதியை அடித்து, மிச்சத்தைத் திரும்ப எழுதுவேன். சனிக்கிழமை நூலகம். நாவலின் கடைசிப் பகுதியை எழுதும்போது மட்டும் பிறர் நாவல்களைத் தொடமாட்டேன். பயம்தான்.

ரோஸ்லினுக்கு இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. பிள்ளைகள் தூங்கும்போது போனில் எழுதுவாள். பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதுவாள். கறி கொதிக்கும்போது போனிடம் பேசுவாள், அது எழுதிக்கொள்ளும். படிப்பதும் அப்படித்தான். மரண அறிவித்தல், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாள், சுண்டல் சுற்றி வந்த பேப்பர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பாள்.

"ஒரு மேச வாங்கிப் போட்டு ஒழுங்கா எழுதேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"மேசைல உக்காந்தா எனக்குப் பரீட்ச எழுதுற மாதிரி இருக்குக்கா" என்று சிரித்தாள்.

அப்படி எழுதிய நாவல்தான் என் வீட்டுச் சோற்றைக் கருக வைத்தது.

3. அப்போ நீங்க யாருங்க?

ஹட்டனில் ஒரு மண்டபத்தில் புத்தகச் சந்தை வைத்தார்கள். நானும் ரோஸ்லினும் சேர்ந்து ஒரு மேசை எடுத்தோம். ஒரு பக்கம் என் புத்தகங்கள், மறுபக்கம் அவளுடைய ஒரே நாவல். மத்தியானத்துக்குமுன் அவள் அடுக்கு மேசையோடு மேசையாகிவிட்டது. என் அடுக்குகள் காலையில் வைத்த உயரத்திலேயே இருந்தன.

அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு பெண் வந்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர் போலும். நல்ல சேலை, தலையில் பூ. நேராக ரோஸ்லினின் புத்தகத்தை எடுத்துப் பிரித்து என்முன் நீட்டினார்.

"ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மக வச்சிருந்தத வாங்கிப் படிச்சேன். அந்த மரகதம் வீட்டுக்குத் திரும்பி வர்ற எடத்துல அழுதுட்டேங்க. எனக்குன்னு ஒன்னு வேணும்."

"நான் இல்லங்க. அவங்க டீ குடிக்கப் போயிருக்காங்க."

"ஓ!" என்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ நீங்க யாருங்க?"

நான் என் அடுக்குகளைக் காட்டினேன். மரியாதைக்கு ஒன்றை எடுத்துப் பின்னட்டையைப் படித்தார். "அடுத்த தடவ வாங்குறேங்க" என்று பூப்போல வைத்துவிட்டு, ரோஸ்லின் வரும்வரை அங்கேயே காத்துக்கொண்டு நின்றார். அவருக்கு உட்கார என் நாற்காலியைக் கொடுத்தேன்.

அன்றிரவு எனக்கு நெஞ்செரிச்சல். மத்தியானம் சாப்பிட்ட ரொட்டி என்று கணவரிடம் சொன்னேன்.

4. பென்சிலோடு படித்தது

அதுவரை நான் அந்த நாவலை ப்ரூஃபில்தான் பார்த்திருந்தேன். ப்ரூஃப் பார்க்கும்போது கண் எழுத்துப் பிழையைத்தான் தேடும், கதை உள்ளே போகாது. இப்போது ஒரு பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு வாசகியாக உட்கார்ந்தேன். குறை கண்டுபிடிப்பது மட்டும்தான் என் நோக்கம்.

கிடைத்தன. சொன்னதையே சொல்லும் இடங்கள், பாதியில் காணாமல் போகும் ஒரு மாமா, அவசரமாக முடிந்த கல்யாணம். ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே போனேன். அந்தப் பெண் அழுதேன் என்று சொன்ன இடம் வந்தது. புருஷனை அடக்கம் செய்துவிட்டு மரகதம் லயத்து வீட்டுக்குத் திரும்புகிறாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் அழுகிறார்கள். இவள் மட்டும் பின்பக்கம் போய், நாளைக்குக் கொழுந்து பறிக்க மலைக்குக் கொண்டு போக வேண்டிய சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். அதோடு அத்தியாயம் முடிகிறது.

பென்சில் நின்றுவிட்டது. அப்படி ஒரு பெண்ணை நான் என் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். அதை எழுத எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இதற்கு அழுவதா, அவள்மேல் கோபப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

5. பிள்ளைக்காம்பராவில் ஒரு சண்டை

ஒரு வருஷம் கழித்து இரண்டாவது நாவலைப் போனில் அனுப்பினாள். "அக்கா, நீங்க பாத்துட்டாத்தான் அச்சுக்கு" என்று ஒரு செய்தியும் வந்தது.

படித்தேன். நன்றாக இல்லை. முதல் நாவலைப் படித்தவர்களெல்லாம் அழுதோம் அழுதோம் என்று சொன்னார்களே, அவர்களைத் திரும்ப அழவைக்கவென்றே உட்கார்ந்து எழுதியிருந்தாள். ஒரே அத்தியாயத்தில் மூன்று சாவு. பக்கத்துக்குப் பக்கம் கண்ணீர்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன். "நல்லா வந்திருக்கு, அச்சுக்குக் குடு" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். மிச்சத்தை வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அந்த வரியைப் போனில் அடித்தும்விட்டேன். அனுப்பத்தான் விரல் வரவில்லை. அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை எழுதியவள், இந்தப் புத்தகத்தோடு ஊர் வாயில் விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அடித்ததை அழித்துவிட்டு, மறுநாள் பொகவந்தலாவை பஸ் ஏறினேன்.

நான் போன நேரம் பிள்ளைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. துணித் தொட்டில்களுக்கு நடுவில் சின்ன நாற்காலியில் ரோஸ்லின். ஆகவே முழுச் சண்டையையும் இரகசியக் குரலில் போட வேண்டியதாயிற்று.

"எப்படிக்கா இருக்கு?"

"இத இப்ப போடாத ரோஸ்லின். திரும்ப எழுது."

அவள் முகம் மாறியது. "மண்டபம் சொல்லியாச்சு. அழைப்பிதழ் அடிச்சாச்சு. ஃபாதர் தலைம தாங்குறேன்னு சொல்லிட்டாரு. இப்ப வந்து இப்படிச் சொல்றீங்க."

"எனக்கு நீ இப்பத்தானே குடுத்த?"

"என்ன கொற? சொல்லுங்க."

"மூனாவது சாவு வர்றப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சி."

அவள் பக்கத்துத் தொட்டிலை ஆட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "பொறாமைல சொல்றீங்களாக்கா?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்திருந்தேன். யோசித்ததை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"பொறாம இருக்கு. நெறையவே இருக்கு. ஆனா பொறாமைல சொல்றதா இருந்தா, நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேன். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கமாட்டேன்."

ஒரு குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது. அவள் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

6. அதற்குப் பிறகு

வெளியீட்டு விழா நின்றுபோனது. காரணம் ஊருக்குத் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொண்டார்கள். நூலகத்தில் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "டீச்சர், வளர்ற புள்ளய நீங்களே தடுக்கலாமா?" நான் பொறாமைக்காரி என்பதை எப்படி மறுப்பது? அது உண்மை. செய்ததுதான் வேறு. அதை யாரிடம் விளக்கிக்கொண்டிருப்பது?

மாதக்கணக்கில் ரோஸ்லினிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு நாள் போனில் புதிய கைப்பிரதி வந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை. பென்சிலையும் தாளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு சாவு இருந்தது, அதுவும் ஒரு வரியில். முதல் நாவலைவிட நல்ல நாவல். கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு வெளியே போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து, "அச்சுக்குக் குடு" என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. நான் ஒரு வருஷமாக எழுதிக்கொண்டிருந்த நாவலைக் கேட்டிருந்தாள்: "உங்க மண்சரிவு நாவல அனுப்புங்க. பாக்கணும்."

அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டாள். குரலில் உற்சாகம் வழிந்தது.

"அக்கா, மண்ணு சரிஞ்சு முடிஞ்ச பொறகும் நீங்க நூறு பக்கத்துக்குச் சரிச்சிக்கிட்டே இருக்கீங்க. வெட்டுங்க."

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பல நாள் மேசைப் பக்கமே போகவில்லை. பிறகு போய் வெட்டினேன். அவள் சொன்னது சரி. என் கணவர் அதைப் படித்தாரா என்று கேட்பீர்கள். ஐந்தாவது அத்தியாயம் வரை வந்திருக்கிறார்.

எழுத வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். உங்கள் கைப்பிரதியை உங்கள்மேல் அன்பாக இருப்பவர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள். அவர்கள் மன்னித்துக்கொண்டே படிப்பார்கள். உங்களைப் பார்த்து வயிறு எரிகிற, ஆனால் வேலை தெரிந்த ஓர் ஆளைத் தேடிப் பிடியுங்கள். அந்த ஆள் ஒரு வரியையும் விடாமல் படிப்பார். பொறாமை போய்விடும் என்று காத்திருக்காதீர்கள். எனக்குப் போகவில்லை. அதை வைத்துக்கொண்டே நேர்மையாக நடந்துகொள்ள முடியும், அவ்வளவுதான்.

இரண்டாவது நாவலின் வெளியீட்டில் ரோஸ்லின் என்னைத்தான் முதலில் பேசக் கூப்பிட்டாள். மண்டபம் நிறைந்திருந்தது. எழுதிக்கொண்டு போனதைப் படிக்காமல் ஒன்றே ஒன்று சொன்னேன்: "இந்த நாவல நான் எழுதியிருக்கணும். இவ எழுதிட்டா. எனக்கு அது தாங்கல."

பெரிய பகிடி என்று நினைத்துச் சனம் கைதட்டிச் சிரித்தது. தலைமை தாங்கிய ஃபாதரும் சிரித்தார். மேடையில் ரோஸ்லின் மட்டும் சிரிக்காமல், என்னையே பார்த்து மெல்லத் தலையாட்டினாள்.