வால்வில் உறைந்த எண்ணெய்

மதினி, உன்னை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அண்ணன் பொண்டாட்டி என்றாலும் என்னைவிட ஒன்றரை வயதுதான் மூத்தவள் நீ. 'நீங்க' போட்டுப் பேசச் சொல்லி அம்மா எத்தனையோ தடவை திட்டியும் என் வாயில் வரவில்லை. நீ போய் நாலு மாதம் ஆகிறது. இன்றைக்குக் காலையில் இரண்டாவது வண்டிக்கு அடியில் படுத்து வால்வைக் கழற்றினேன். கழற்றிய போல்ட்டுகளை வாங்கிக்கொள்ள உன் உள்ளங்கை பக்கத்தில் இல்லை.

நாம் வேலை பார்த்த இடத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலுக்கு மேலே ஒரு கேம்ப். அங்கே மூன்று கேரவன் நிற்கிறது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு மாதிரி இருக்கும். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. கக்கூஸில் போவதெல்லாம் வண்டிக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். நிறைந்ததும் தடித்த ஹோஸை மாட்டி, வால்வின் கைப்பிடியை வெளியே இழுக்க வேண்டும். உள்ளே இருக்கிற தகடு நகர்ந்து வழி விடும். எல்லாம் செப்டிக் குழிக்குப் போய்விடும். கேம்ப்பில் யாரும் தொடாத அந்தச் சோலியை நீதான் செய்தாய். உன் ஊர் மேல்மலையில் பூண்டு போடுகிற ஊர். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோது, சாணி உரம் மிதித்த காலுக்கு இதில் என்ன புதுசு என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாய்.

என்னை மலைக்கு ஏற்றிவிட்டதும் நீதான். பழனி அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு பஞ்சாமிர்தக் கடை. நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார்கள். அந்த ஆள் கடைக்கு வந்தாலே நான் பின்கட்டுக்கு ஓடிவிடுவேன். அதை அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ போய்ப் பேசினாய். கேம்ப்பில் வேலை இருக்கிறவரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று அப்பாவை ஒத்துக்கொள்ள வைத்தாய். வேலை போனால் அடுத்த முகூர்த்தத்திலேயே தாலி என்று அவரும் சொல்லித்தான் அனுப்பினார்.

நான் வந்து இரண்டே மாதம். மார்கழிக் குளிர். உன் அப்பாவின் கேரட் லோடோடு நீ ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தாய். இரண்டாவது வண்டியின் வால்வு இறுகிக்கிடந்தது. நீ வருவதற்குள் நானே சரிபண்ணிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பழனியில் எங்கள் வீட்டில் எது இறுகினாலும் தேங்காய் எண்ணெய்தான். கடை ஷட்டருக்கும் அதுதான், பூட்டுக்கும் அதுதான், தையல் மிஷினுக்கும் அதுதான். எண்ணெயைச் சூடுபண்ணி, கைப்பிடியிலிருந்து தகட்டுக்குப் போகிற கம்பி நெடுகிலும் ஊற்றினேன். மத்தியான வெயிலில் கைப்பிடி வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு பெருமை எனக்கு.

மறுநாள் வெள்ளனே புல்லெல்லாம் உறைபனி. தொட்டி நிறைந்திருந்தது. கைப்பிடியை இழுத்தேன், அசையவில்லை. ஒரு காலைச் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தேன். கம்பி ஒடிந்து கைப்பிடியோடு பின்னால் விழுந்தேன். மேனேஜர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எண்ணெய் ஊற்றியதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். நாலு மணிக்குத் தங்க ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் வண்டி தயாராகாவிட்டால் பையைக் கட்டிக்கொண்டு மலை இறங்கிவிடு என்றார். சத்தம்கூடப் போடவில்லை. எனக்கு அந்த மாப்பிள்ளையின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

பத்து மணிக்குக் காய்கறி வண்டியிலிருந்து இறங்கினாய். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாய். கம்பியைச் சுற்றி மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்துகிடந்தது.

"ஏ புள்ள, இங்கன தலைக்குத் தேய்க்கிற எண்ணெயவே வெயில்ல வச்சு உருக்கித்தான் எடுக்கோம். நீ வால்வுக்குத் தல சீவி விட்டுட்ட, பூ ஒண்ணுதான் வைக்கல."

சிரித்து முடித்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினாய். தொட்டி நிறைந்திருக்கும்போது போல்ட்டைக் கழற்றினால் அத்தனையும் நம் தலையில்தான் கொட்டும். அதனால் முதலில் தகடு நகர வேண்டும். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைக்கச் சொன்னாய். சாக்கை அதில் நனைத்து, பிள்ளைக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி வால்வைச் சுற்றிப் பொத்திப் பிடித்தாய். ஆறியதும் அடுத்த சாக்கு. உள்ளே கக்கூஸ் வழியாகச் சோப்புத் தண்ணீர் இரண்டு வாளி ஊற்ற வைத்தாய். ஒடிந்த கம்பியின் முனையைக் குறட்டால் பிடித்தாய். நான் என்றால் இழுத்திருப்பேன். நீ முதலில் உள்ளே தள்ளினாய். அப்புறம் நெல்லளவு வெளியே. மறுபடி உள்ளே. ஒரு மணி நேரம் மல்லாக்கப் படுத்து அதையே செய்தாய். ஒரு தடவைகூட உனக்குக் கோபம் வரவில்லை. எனக்குத்தான் வந்தது, உன் பொறுமையைப் பார்த்து.

மதியத்துக்கு மேலே ஹோஸ் குலுங்கியது. தொட்டி காலியானது. தண்ணீர் விட்டு அலசிய பிறகு வால்வைக் கழற்றினாய். தகடு உட்காருகிற பள்ளத்தில் பழைய அழுக்கு கல்லாகக் காய்ந்திருந்தது. முதலில் இறுகியதற்கு அதுதான் காரணம். பல் விளக்குகிற பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாய். ரப்பர் வளையத்துக்கு என்றே கேரவனோடு வந்திருந்த வெள்ளை கிரீஸை விரலால் தடவினாய். மூன்றாவது வண்டிக்கு அன்று ஆள் இல்லாததால் அதன் கைப்பிடியைக் கம்பியோடு கழற்றி இதில் மாட்டினாய். ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, கீழே காய்ந்த சாக்கை விரித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

மேனேஜர் வந்தார். அவரே கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். வண்டி சரி, ஆனால் இந்தப் பிள்ளையை இனிமேல் நம்ப முடியாது, காலையில் அனுப்பிவிடு என்று உன்னிடம் சொன்னார். நீ கை கழுவிக்கொண்டிருந்தாய். கழுவிக்கொண்டே பேசினாய்.

"சார், போன வருசம் ஒண்ணாம் வண்டி வால்வு குளிருல வெடிச்சுச்சுன்னு கோயமுத்தூர்ல இருந்து புதுசு வாங்கிட்டு வந்தீங்கள்ல. அது குளிருல வெடிக்கல. நாந்தேன் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்துனேன். பயந்துக்கிட்டுச் சொல்லல. இவ இன்னைக்கு ஒளிக்காமச் சொல்லிட்டா. அனுப்புறதுன்னா ரெண்டு பேத்தையும் அனுப்பிருங்க."

அவர் கைப்பிடியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அதற்குள் கீழே வளைவில் கார் சத்தம் கேட்டது. வெரசா போய் ரெண்டு பேரும் குளிச்சுட்டு வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த மாப்பிள்ளைக்குத் தை மாதமே வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது.

யாருக்கும் தெரியாத தப்பை, கேட்காமலே, எனக்காக நீ வெளியே எடுத்து வைத்தாய். உனக்கும் வேலை போயிருக்கும். நானாக இருந்தால் செய்திருப்பேனா என்று பல தடவை யோசித்துவிட்டேன். செய்திருக்க மாட்டேன், மதினி. பொய் சொல்ல விருப்பமில்லை.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னை விட்டுவிடச் சொல்லி யாரிடம் போய்ப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ எனக்காகப் பேசின மாதிரி உனக்காக ஒரு வார்த்தை பேச என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, விளக்கு ஏற்றும்போதோ வண்டியில் போகும்போதோ ஒரு நிமிஷம் என் மதினியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் போன இடத்தில் குளிர் இல்லாமல், வேலை இல்லாமல், கொஞ்ச நாள் படுத்துத் தூங்கட்டும் என்று எல்லாரும் அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.