வரிசையில் போட்ட தையல்

தையல்காரம்மா வெளியே கிளம்பினால் தெருவே ஒதுங்கி வழிவிடும். முகத்தில் இரட்டைக் கவசம், கையில் சோப்புத் தண்ணீர் புட்டி, வாயில் ஓயாத அதட்டல். "தள்ளி நில்லுங்க சார், இங்க என்ன கல்யாண போட்டோவா எடுக்கிறாங்க?" என்று எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரையும் கேட்டுவிடுவாள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவள் பயம் அவளுக்கு!

மாடி வீட்டில் இருக்கும் கணவர், பஸ் ஓட்டி ஓய்ந்தவர், தங்கை கொடுத்த சிறுநீரகத்தில் உயிர் பிழைத்திருக்கிறார். அது உடம்பில் ஒட்டியிருக்க அவர் தினமும் விழுங்கும் மாத்திரை, நோயை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். "மத்தவங்களுக்கு இந்தத் தொற்று வெறும் காய்ச்சல். இவருக்கு வந்தா காப்பாத்தறது கஷ்டம்" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். தொற்று பரவியதிலிருந்து அவர் படி இறங்கவில்லை. கடைகண்ணிக்கெல்லாம் இவள்தான். திரும்பியதும் கீழே, தன் தையல் கடைக்குப் பின்னாலுள்ள குழாயடியில் குளித்து, துணி மாற்றி, வாங்கியதையெல்லாம் கழுவித் துடைத்த பிறகே மேலே போவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் காத்தாள் என்றால் மிகையில்லை.

அன்று மாத்திரை தீரும் நிலை. மருந்துக்கடை வாசலில் நீண்ட வரிசை. அவளுக்கு முன்னால் நின்ற பெண்ணின் முகக்கவசத்தில் காது நாடா பட்டென்று பிய்ந்தது.

"ஐயோ, மாஸ்க் இல்லாம உள்ள விடமாட்டாங்களே!" அந்தப் பெண் கையைப் பிசைந்தாள்.

தையல்காரம்மாவின் தோள்பட்டைத் துணியில் நூல் கோத்த ஊசி எப்போதும் குத்தியிருக்கும். "இதுக்குப் போயி கண் கலங்கறியே, குடு இப்படி" என்று வாங்கினாள். மளமளவென்று தைத்தாள், முடிச்சுப் போட்டாள். கத்தரிக்கோல் இல்லை. ஆயுசு பூராவும் தைத்த பழக்கம் யாரைக் கேட்டு வருகிறது? தன் கவசத்தைத் தாடைக்கு இறக்கி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உதட்டில் பட்ட துணி ஈரமாக இருந்தது.

"ரொம்ப நன்றிக்கா. வீட்ல ரெண்டு பேருக்கு அனலா கொதிக்குது. எனக்கும் காலையிலேர்ந்து உடம்பெல்லாம் வலி." அந்தப் பெண் அதை மாட்டிக்கொண்டு இருமினாள்.

தையல்காரம்மா சட்டென்று புட்டியைத் திறந்து, சோப்புத் தண்ணீரால் உதட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அந்தப் பெண்ணைத் திட்ட வாய் வரவில்லை. பாவம், மருந்து வாங்க அவளுக்கும் வேறு ஆள் இல்லை போலும். "அடிப் பாவி, என்ன காரியம் பண்ணே!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் மனம் ஆசை காட்டியது: சொல்லாமல் மேலே போய்விட்டால் என்ன? ஒன்றும் ஆகாமலும் போகலாமே?

மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி அவர் காத்திருந்தார். "வா வா, டீ போடட்டுமா?"

"வாளியைக் கயித்துல கட்டி இறக்குங்க. மாத்திரையைக் கழுவி வைக்கிறேன். நான் மேல வரலைங்க."

நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பியே! அடுத்தவங்க மாஸ்க்கைக் கடிக்கிற அளவுக்கா புத்தி கெட்டுப்போச்சு?" கத்தி முடித்ததும் குரல் இறங்கியது. "சரி, விடு. மேல வா. ஆளுக்கொரு மூலைல இருந்துக்கலாம்."

"இருக்கிறதே ஒரு ரூம். அதுல ஏது மூலை?"

"அப்போ நான் கீழ வரேன்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் பதறிப்போய்க் கடைக்குள் ஓடி, ஷட்டரை இழுத்து உள்ளே பூட்டினாள். அவர் வெளியிலிருந்து தடதடவென்று தட்டினார்.

"திறடி! நீ இல்லாம மாத்திரையைத் தின்னு நான் என்னத்தைக் கிழிக்கப்போறேன்?"

"திட்டறதை மேல போய் நின்னு திட்டுங்க! உங்க தங்கச்சி வயித்தைக் கீறிக் குடுத்ததை நான் பாழாக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கட்டியவரை வாசலில் நிறுத்திக் கதவடைத்தது அவளுக்கு அதுவே முதல் தடவை. வெகுநேரம் கழித்துச் செருப்புச் சத்தம் மேலே போனது.

அதற்குப் பிறகு சாப்பாடு வாளியில் இறங்கியது. துணி வெட்டும் மேசைக்கடியில் படுத்துக்கொண்டு, நிமிஷத்துக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் போனில் கேட்கும்போதெல்லாம், "கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள். ஒருநாள் மத்தியானம் தையல் மெஷினை மிதிக்கக் காலில் தெம்பில்லை. காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது.

"வந்துடுச்சுங்க" என்றாள் போனில். "ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாச்சு, வண்டி வருது."

மறுமுனையில் அவர் கேட்டார்: "அழறியாடி?"

"இல்லைங்க, சிரிக்கிறேன்." பற்கள் தந்தியடித்தன. "அன்னைக்கு நான் மேல ஏறியிருந்தா?"

அவர் வாய்விட்டு அழுதார். போனைத் தாண்டி, கூரை வழியாகவே அவளுக்கு அது கேட்டது.

"நல்லா அழுங்க" என்றாள். "மாத்திரையைப் போட்டுக்கிட்டு அழுங்க."