முதலில் என் காது

என் ரத்தத்துக்கு உறைவதில் சோம்பல். இருபது வயதில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு நான்கு நாள் ரத்தம் துப்பியபோதுதான் திருச்சி டாக்டர் அதைக் கண்டுபிடித்தார். “உனக்குக் கொஞ்சம்தான், பயப்படாதே. ஆனால் இது தாய்வழியில் வருவது. தங்கைக்குப் பையன் பிறந்தால் கத்தி, ஊசி பக்கம் விடாதே” என்றார்.

அந்தக் ‘கொஞ்சம்’தான் என் மானத்தை வாங்கியது. நிறைய இருந்திருந்தால் ஊரே நம்பியிருக்கும். நான் சடுகுடு ஆடமாட்டேன், முள்வேலி தாண்டமாட்டேன், சவரம் செய்துகொண்டால் அரைமணி நேரம் படிகாரத்தைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவர்களுக்கு நான் சோம்பேறி, அதிலும் அழகு பார்க்கிற சோம்பேறி.

தங்கைக்குப் பையனே பிறந்தான். அவள் புகுந்த வீடு தா.பழூர்ப் பக்கம். யுத்த காலம், அரியலூரிலிருந்து கரியில் ஓடும் பஸ்ஸில் பாதி தூரம் உட்கார்ந்தும் மீதி தூரம் அதைத் தள்ளியும் காதுகுத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். எந்த வழியில் நோய் வருமோ, அந்த வழி ஆள்தான் குழந்தையை அசையாமல் பிடித்துக் கொடுக்க வேண்டும்!

வேண்டாம் என்று பேச்சை எடுத்ததுமே தங்கையின் மாமியார் சிரித்தார். “கடுக்கன் வாங்கலைன்னா சொல்லிடுங்க தம்பி. அதுக்கு எதுக்கு வியாதியெல்லாம்?”

கடுக்கன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. ரோஷத்தில் எடுத்துக் காட்டினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. இனி குத்தாமலிருக்க ஒரு காரணமும் இல்லையே.

குலதெய்வக் கோவில் வாசலில் மொட்டை முடிந்தது. கீறல் இல்லை, எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “முதல்ல எங்காதுல குத்துங்க. நிக்காம வடியும். பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றேன். சின்ன வயதில் என் மொட்டையில் பட்ட கீறல் இரண்டு நாள் வடிந்ததில் அம்மா பயந்துபோய் எனக்குக் காது குத்தாமலே விட்டிருந்தாள்.

சுருக்கென்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது.

என் ரத்தம் அப்படித்தான். முதலில் நல்ல பிள்ளையாக நின்றுவிடும், ஒரு மணி இரண்டு மணி கழித்து மறுபடி ஆரம்பிக்கும். அதை எடுத்துச் சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “மச்சானுக்கு ரத்தம் சாப்பிட்டுட்டுதான் வருமாம்” என்றார் தங்கையின் கணவர். நான் குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். இழுபறியில் ராகுகாலம் வந்துவிட்டது. சரி, முதலில் பந்தி என்று முடிவாயிற்று.

மடியில் குழந்தையோடே சாப்பிட உட்கார்ந்தேன். பாயசம் பரிமாறும்போது தோளில் வெதுவெதுப்பாக ஏதோ விழுந்தது. ரத்தத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான். “வந்துடுச்சு! வந்துடுச்சு!” என்று கத்தினேன். பந்தியே எழுந்து வந்தது. காப்பித்தூள் வைத்தார்கள், மஞ்சள் வைத்தார்கள், வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள். சட்டை சிவந்துகொண்டே போனது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பாத்தீங்களா! புள்ள மேல இருந்த கண்ணெல்லாம் மாமன் காதோட போயிடுச்சு. இனிமே தைரியமா குத்தலாம். ஆசாரியக் கூப்புடுங்க.”

ஆசாரி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். எழுந்து தடுக்கப் பார்த்தேன், தலை சுற்றியது. நிஜமாகவே பயந்துபோனேன்.

தங்கை வந்து என் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் எதிரில் நிமிர்ந்து பேசாதவள் அவள்.

“மொதல்ல எங்க அண்ணனுக்கு நிக்கட்டும், அத்தே. நின்னப்பறம் பேசிக்கலாம்” என்றாள்.

நிற்க மூன்று நாளாயிற்று. மூன்று நாளும் அவள் குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை.