காக்கிமா சொன்ன பறவைகள்

தொண்ணூறுகளின் கடைசியில் வங்காளத்தில், கிடர்பூரில் குடியிருந்தோம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, எனக்கு ஒரு வங்கியில். நர்சரி விட்டு வரும் எங்கள் மகள், நான் திரும்பும் வரை மாடி வீட்டு வங்காளி அம்மாளிடம் இருப்பாள். அவளுக்கு அவர் காக்கிமா, நம் வழக்கில் சித்தி. அவருடைய ஒரே பையன் வேலை கிடைத்து வெளியூர் போயிருந்தான்.

ஒரு டிசம்பர் மாலை, தோசையைப் பிய்த்தபடி மகள் கேட்டாள்: "அம்மா, பொரிஜாயி பாக்கி வந்தாச்சு தெரியுமா?"

பாக்கி என்றால் பறவை. முன்னால் வந்த சொல் எனக்குப் புரியவில்லை.

"குளிர் தாங்காம நம்மூருக்குப் பறந்து வர்ற பறவைம்மா. உனக்குத் தெரியாதா? காக்கிமாவுக்கு எல்லாம் தெரியும்."

அந்த 'எல்லாம்' சுருக்கென்றது. காக்கிமா மாதிரி எனக்குத் தலை பின்ன வராது, காக்கிமா செய்யும் கிச்சுடி மாதிரி என் பொங்கல் இருக்காது. இதெல்லாம் தினமும் கேட்பதுதான். பறவைகளாவது எனக்கு இருக்கட்டும் என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க அவற்றைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஒரு வார்த்தை சொல்லாமல் அவளைப் பஸ்ஸில் ஏற்றி, பாலம் தாண்டி, சாந்த்ராகாச்சி ஏரிக்குக் கூட்டிப்போனேன். ரயில் நிலையத்தை ஒட்டிய ஏரி அது. ஆகாயத்தாமரைத் திட்டுகளில் வாத்துகள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மகளுக்கு வாய் மூடவில்லை.

"இதுல சிலதுக்கு ரொம்ப வடக்க, மலைக்கு அந்தப் பக்கம்தான் ஊரு," என்றேன். "குளிர்காலத்துல அங்க ஏரி மொத்தமும் ஐஸ் ஆயிடும். தண்ணிக்குள்ள அலகை விட முடியலைன்னா என்னத்தைச் சாப்பிடும்? அதான் இங்க வருது."

"இங்கயே இருந்துடலாமே. எதுக்குத் திரும்பிப் போகணும்?"

"காக்கிமா என்ன சொன்னாங்க?" கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதோட அம்மா அங்க இருக்காளாம்."

காக்கிமா சொன்னது தப்பு என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். "அப்படியில்ல கண்ணு. நமக்கு வெயில் வர்றப்போ அங்க ஐஸ் உருகிடும். பகல் நீளமாயிடும். புல்லு முளைக்கும், பூச்சி நிறைய வரும். குஞ்சுங்களுக்கு வயிறு நிறையத் தீனி கிடைக்கும். அதுக்காகத்தான் அங்க போய் முட்டை போடுது. குளிர் வந்தா மறுபடி இங்க. இதுக்கு வலசைன்னு பேரு."

"இது காக்கிமாவுக்குத் தெரியாது," என்றாள் மகள். திரும்பும் வழியெல்லாம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் வங்கியிலிருந்து வந்து மாடிப்படி ஏறும்போது அவள் குரல் கேட்டது. ஐஸ், புல், பூச்சி, நீளமான பகல், ஒன்றுவிடாமல் வங்காளியில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். காக்கிமாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு. நான் தேடித் தேடிக் கொடுத்ததைக் கொண்டுபோய் அங்கேயே கொட்டிவிட்டாளே என்று வயிறு எரிந்தது.

காக்கிமா என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"நேர்லயே பார்த்தியா? நான் பார்த்ததே இல்ல," என்றார் வங்காளியில். "டிவியில வந்ததைத்தான் இவகிட்ட சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை யாரு கூட்டிப்போனா? உன்னைப் பார்த்தா எனக்கு ஹிங்ஷேயா இருக்கு."

ஹிங்ஷே என்றால் பொறாமை. அதைச் சிரித்துக்கொண்டே, பிஸ்கட் தட்டை நகர்த்துகிற மாதிரி சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் அதையே நெஞ்சில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவள் நான்.

"அடுத்த தடவை நீங்களும் வாங்க," என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

மகளுக்குக் காய்ச்சல், எனக்கு ஆடிட் என்று தள்ளிப்போய், நாங்கள் மூவரும் கிளம்பியபோது மார்ச் பிறந்திருந்தது. வெயில் சுட்டது. ஏரியில் பெரும்பாலும் ஆகாயத்தாமரைதான். ஓரத்தில் மிச்சமிருந்த கொஞ்சம் வாத்துகளைக் காக்கிமா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வருத்தப்படாதே காக்கிமா. அங்க ஐஸ் உருகியாச்சு, அதான் போயிடுச்சு," என்று மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

பஸ்ஸில் அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். பைகளை என் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துவந்தேன். எரிச்சல் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அடுத்த டிசம்பரில், குளிர் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே மாடியேறிப் போய்க் கதவைத் தட்டியது நான்தான்.